நான்காம் வாய்க்காலில் பதினோரு சுற்று

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அவன் ஐந்தரைக்கே விழித்துக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். அலாரத்தை நிறுத்தினான். பல் தேய்த்தான். இரண்டு வாளித் தண்ணீரில் குளித்தான். சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டான். தேநீர் போட்டான், பாதி குடித்தான், மீதியைக் கொட்டினான். ஜன்னல் விளிம்பில் மனைவி விட்டுப்போன செடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினான். செடி பட்டுப்போய் ஒரு மாதம் ஆகிறது. ஊற்றுவது வழக்கம், ஊற்றினான். ஏழு மணிக்குக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையில் இருந்த தன் அலுவலகத்துக்கு நடந்தான்.

முதல் மாடியில் 'துப்பறியும் நிலையம்', இரண்டாம் மாடியில் பல் மருத்துவர். வாரத்துக்கு நாலு பேராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தவறி இங்கே வந்து உட்காருவார்கள். துப்பறிய வருகிறவர்கள் அதைவிடக் குறைவு.

உதவியாளர் ஏற்கெனவே வந்திருந்தாள். ஊர் முழுக்க அவளுக்கு மீட்டர் அக்கா என்று பெயர். நகராட்சியில் பன்னிரண்டு வருடம் குடிநீர் மீட்டர் கணக்கெடுத்தவள். ஒரு கவுன்சிலர் வீட்டு மீட்டரில் இருந்த எண்ணை இருந்தபடியே எழுதிவிட்டாள். அந்தக் குற்றத்துக்காக வேலை போயிற்று. அவனைவிடப் பத்து வயது மூத்தவள் என்றாலும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அவன் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

"பாஸ், இவருக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கு. நம்ம ஆள்தான்."

நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். நகக்கண்களில் கறுப்பு எண்ணெய். லேத் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"இருபது நாள்ல வீட்டைக் காலி பண்ணணுமாம் சார். நகராட்சி குடியிருப்பு. வீட்டுக்காரி பேர்ல இருந்தது."

அவர் மனைவி நகராட்சிப் பாசனப் பிரிவில் ஷட்டர் இயக்குபவர். மூன்றாம், நான்காம் வாய்க்கால்கள் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் ஷட்டர்காரம்மா. பத்தொன்பது நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு, நான்காம் வாய்க்கால் ஷட்டருக்குக் கீழே இருந்த குழியில் அவர் உடல் கிடைத்தது. தலையில் அடி. முழங்கால் ஆழத் தண்ணீர்.

"நாலாம் வாய்க்கால் ரெண்டு வருஷமா மூடிக் கெடக்கு, அங்க அவளுக்கு வேலையே கிடையாதுங்கறாங்க. அதனால வேலைநேரத்துல சாகலையாம். வீடு கிடையாது, பொண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஒன்பது வயசு சார் அவளுக்கு. அதுபோக, அவளே குதிச்சிருப்பான்னு எழுதியிருக்காங்க."

"எதை வெச்சு?"

"பாசனக்காரங்க சங்கத் தலைவர் அன்னிக்குக் காலைல அந்தப் பக்கம் போனாராம். இவ பலகைமேல உக்காந்திருந்தாளாம். 'போதும்ணே, இனி என்னால முடியாது'ன்னு சொன்னாளாம். ஷட்டர் ரெண்டு வருஷமாத் திறக்கவே இல்லைன்னும் சேத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

"நீங்க நம்பலை."

"அன்னிக்கு மத்தியானத்துக்கு வெங்காயம் நறுக்கி வெச்சுட்டுப் போனா சார்."

மீட்டர் அக்கா தலையாட்டினாள். "அது சரியான சாட்சி பாஸ். அத்தனையும் நறுக்கிக் கண்ணெரிஞ்சவ, அதைச் சமைக்காம சாக மாட்டா."

லேத்காரர் அவனையே பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ஆச்சு."

மீட்டர் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

"அப்ப உங்களுக்குப் புரியும்."

"புரியும். அவங்க வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?"

"அஞ்சு மணிக்கு. தினமும்."

அதை மட்டும் குறித்துக்கொண்டான்.

* * *

நகராட்சிக் கட்டடத்தில் வரி வசூல் முன்பக்கம், மின்விசிறியோடு. பாசனப் பிரிவு பின்பக்கம், கழிவறைக்கு எதிரே, மின்விசிறி மாட்டும் வெறும் கொக்கியோடு. உள்ளே ஓர் இன்ஜினியர் மட்டும் இருந்தார். கெட்டவர் போல் தெரியவில்லை. களைத்தவர் போல் தெரிந்தார். இந்த மாதிரி ஆட்களிடம் உண்மை வாங்குவது சுலபம். அதை மறைக்கக்கூட அவர்களுக்குத் தெம்பு இருக்காது.

"ஆறு வாய்க்கால் சார். ஒவ்வொண்ணுக்கும் தூர் வார, கரை கட்ட, ஆள் சம்பளம் எல்லாம் சேத்து வருஷச் செலவுல பாதியை நகராட்சி போடும். மீதிப் பாதியை அந்த வாய்க்கால் தண்ணில பயிர் பண்றவங்க போடணும். பருவம் தொடங்கறதுக்குள்ள அவங்க பாதி வரலைன்னா ஷட்டரை மூடணும். நாலாம் வாய்க்கால்காரங்க ரெண்டு வருஷமாக் கட்டலை. மூடிட்டோம்."

"திறக்கணும்னா?"

"ரெண்டு வருஷப் பாக்கியையும் கட்டணும். அதுக்கு இனி வேலையில்ல. தொடர்ந்து ரெண்டு வருஷம் தண்ணி ஓடாத வாய்க்காலைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்னு விதி. புதன்கிழமை மன்றக் கூட்டத்துல எடுக்கறாங்க."

"எடுத்துட்டு?"

"ரோடு."

"தண்ணி ஓடினா பணம் கேப்பீங்க. ஓடலைன்னா ரோடு போடுவீங்க" என்றாள் மீட்டர் அக்கா. "வாய்க்காலாப் பொறந்தது அதோட தப்புதான் சார்."

இன்ஜினியர் சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார். பதிவேடுகளை எடுத்துப் போட்டார். ஷட்டர் இயக்குபவர்கள் அளவுகோல் பார்ப்பதில்லை. கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றினோம் என்பதைத்தான் எழுதுவார்கள். மூன்றாம் வாய்க்கால் பதிவேட்டில் ஒன்பது, பத்து, எட்டு என்று எண்கள் ஏறியும் இறங்கியும் இருந்தன. நான்காம் வாய்க்கால் பதிவேட்டில் இரண்டு வருடத்துக்கும் பூஜ்யம். பக்கம் பக்கமாக, கோலிக்குண்டுகளைக் கொட்டியதுபோல்.

யாரோ பிற்பாடு உட்கார்ந்து எழுதிய போலிப் பதிவு என்று நினைத்துத்தான் வந்தான். இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டிலும் பூஜ்யத்தின் தலை மூடாமல், ஒரு சின்ன வாலோடு முடிந்தது. கையெழுத்தும் ஒன்று. மை மாறிய தேதிகளும் ஒன்று. ஷட்டர்காரம்மாவே எழுதியவை. முகத்தில் அடித்தாற்போலிருந்தது.

"நம்ம கட்சிக்காரரோட சம்சாரமே நமக்கு எதிர்சாட்சி" என்று முணுமுணுத்தாள் மீட்டர் அக்கா.

அவன் விரலை வேறொரு கட்டத்தில் வைத்தான். மூன்றாம் வாய்க்கால், வந்த நேரம்: ஆறு முப்பது. அதற்கு முந்தைய நாளும் ஆறு முப்பது.

"வீட்டுலேர்ந்து மூணாம் ஷட்டருக்கு எவ்வளவு தூரம்?"

"கால் மணி நேர நடை" என்றார் இன்ஜினியர்.

"அஞ்சு மணிக்குக் கிளம்பறவங்க ஆறரைக்கு வந்து சேர்றாங்க. நடுவுல ஒண்ணேகால் மணி நேரம் எங்க போச்சு?"

இன்ஜினியர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மீட்டர் அக்கா கேட்டாள்: "சார், வேலைநேரம் வேலைநேரம்னு எழுதியிருக்கீங்களே, அது எது?"

"ஷட்டர்ல கை இருக்கணும். கை இருந்தா வேலை. இல்லைன்னா நடைப்பயிற்சி."

"பதிவேடு பொய்னு ஆச்சுன்னா?"

"உயிரோட இருந்தா விசாரணை, பணிநீக்கம் எல்லாம் உண்டு. செத்தவங்க மேல விசாரணை வைக்க விதி இல்லை."

"பாருங்க பாஸ், நகராட்சிலகூட ஒரு சலுகை இருக்கு."

* * *

நான்காம் ஷட்டர் பெரிய கால்வாயிலிருந்து பிரியும் இடத்தில் இருந்தது. இரண்டு சிமெண்ட் தூண்கள், நடுவே இரும்புத் தகடு, மேலே நிற்க ஒரு பலகை. தகட்டோடு சேர்ந்த திருகுத் தண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. இன்ஜினியர் கொண்டுவந்த கைப்பிடியை மாட்டி, கால்களை ஊன்றி, இடது பக்கமாகத் தள்ளினார். அசையவில்லை. முகம் சிவக்கத் தள்ளினார். அசையவில்லை.

"பாத்தீங்களா? அன்னிக்கும் இதே கதைதான். 'துருப்பிடித்து இறுகியுள்ளது, நெடுங்காலமாக இயக்கப்படவில்லை'ன்னு அறிக்கையில எழுதினேன்." மூச்சு வாங்கினார். "மூணாம் ஷட்டர்ல இன்னும் ஆள் போடலை. நான்தான் திறக்கணும். கைப்பிடியை அப்புறம் ஆபீஸ்ல குடுத்துடுங்க."

அவர் போனதும் மீட்டர் அக்கா கரையில் நின்று வயல்களைப் பார்த்தாள். வாய்க்காலின் இருபுறமும் வெங்காயமும் கீரையும் தக்காளியும் பாத்தி பாத்தியாகப் பச்சைப் பசேலென்று நின்றன.

"ரெண்டு வருஷம் தண்ணி இல்லாம தக்காளி எப்படிப் பாஸ் இப்படிக் கொழுத்துக் கெடக்கு?"

"கிணறா இருக்கும்."

"கிணறு இருந்தா மோட்டார் இருக்கணும். மோட்டார் இருந்தா கம்பி இருக்கணும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு கரண்ட் கம்பத்தைக் காட்டுங்க பாப்போம். வாயால ஊதியா தண்ணி ஏத்தறாங்க?"

அவன் பலகைமேல் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தான். பலகைக்குக் கீழே தண்டு எண்ணெய்ப் பளபளப்போடு மின்னியது. கொஞ்ச தூரம்தான். அதற்குக் கீழே செந்துரு. திருகும்போது எந்த மரைச் சுற்றுகள் உரசுமோ அவை மட்டும் மின்னின. ஒவ்வொன்றாக எண்ணினான்.

"பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"பதினோரு மரை தேஞ்சு பளபளன்னு இருக்கு. பதினோரு சுத்து. இந்த ஷட்டர் தினமும் திறந்திருக்கு."

"அப்பறம் ஏன் இன்ஜினியர்கிட்ட முரண்டு பிடிச்சுது?" மீட்டர் அக்கா கைப்பிடியைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். "பாஸ், நான் பன்னிரண்டு வருஷம் என்ன பாத்தேன் தெரியுமா? மீட்டரைத் தலைமாத்தி மாட்டிடுவாங்க. தண்ணி உள்ள போகப் போக எண் பின்னாடி ஓடும். இந்த ஊர்ல ஒரு பக்கம் வரலைன்னா மறுபக்கம் சுத்திப் பாக்கணும்."

வலது பக்கமாகச் சுற்றினாள். கைப்பிடி வெண்ணெயில் போல் நழுவியது. தகடு எழுந்தது. பெரிய கால்வாயின் தண்ணீர் குனிந்து நுழைந்து, செத்ததாகச் சான்று பெற்ற வாய்க்காலில் ஓட ஆரம்பித்தது.

இடது பக்கம் திறப்பதுதான் ஊரில் எல்லா ஷட்டருக்கும் வழக்கம். இது மட்டும் தலைகீழ். மூடியிருந்த ஷட்டரை இன்ஜினியர் மேலும் இறுக்கியிருக்கிறார். அது நகராததைப் பார்த்து, துரு என்று எழுதிவிட்டார்.

அவன் தண்டின் தலையைத் தடவிப் பார்த்தான். மற்ற ஷட்டர்களில் பழைய வார்ப்பு. இது புதிதாகக் கடைந்தது. நகராட்சி முத்திரை இல்லை.

"மூடிடுங்க. லேத்துக்குப் போவோம்."

* * *

பட்டறையில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தரையில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து, அதன் மரைமேல் விரலை எதிர்த்திசையில் சுற்றிக் காட்டினான். லேத்காரர் எந்திரத்தை அணைத்தார்.

"என் தப்புதான் சார்" என்றார். "போன வருஷம் தொடக்கத்துல பழைய தண்டு முறிஞ்சுபோச்சு. மூடின வாய்க்காலுக்கு நகராட்சி எப்படித் தண்டு வாங்கித் தரும்? கேக்கவே முடியாது. நானே கடைஞ்சு தரேன்னேன். ராத்திரி முழுக்கப் பொண்ணுக்கு ஜுரம், தூக்கமில்லை. கியரை மாத்திப் போட்டுட்டேன். மரை எதிர்ப்பக்கமா விழுந்துடுச்சு. மாட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. வேற பண்ணித் தரேன்னா வேணாம்னுட்டா. 'இருக்கட்டும், மூடும்போது எல்லாரும் ஒரு பக்கம் சுத்துவாங்க, நான் ஒரு பக்கம் சுத்தறேன், நீ கடைஞ்சதுன்னு தினமும் ஞாபகம் வரும்'னா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."



"அவங்க ஏன் திறந்தாங்க?" என்று கேட்டான் அவன்.

"மூடறதுக்கு முந்தின வருஷம் பயிர் போச்சு. நாப்பது குடும்பத்தாலயும் பாதிப் பங்கு கட்ட முடியலை. ஷட்டரை மூடினா அடுத்த பயிரும் போகும், அப்புறம் எந்தக் காலத்துலயும் கட்ட முடியாது. பூஜ்யம்னு எழுதிட்டு விடியறதுக்குள்ள திறந்துவிட்டா. ஒரு பருவம்னுதான் ஆரம்பிச்சா. தண்ணிக்கு யார்கிட்டயும் கைநீட்டி எதுவும் வாங்கலை சார். ஒரு கட்டுக் கீரைகூட வாங்கலை."

"அந்தப் பூஜ்யத்தை வெச்சுத்தான் இப்ப வாய்க்காலையே மூடறாங்க."

"ஆமா. பட்டியல்லேர்ந்து எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவளுக்குச் சோறு இறங்கலை. 'தண்ணி ஓடினது உண்மைன்னு நாப்பது பேரும் வந்து சொன்னா வாய்க்கால் பிழைக்கும், என் வேலை போனா போகட்டும்'னா. வீடு வீடாப் போய்க் கேட்டா."

"வந்தாங்களா?"

"ஓடுச்சுன்னு சொன்னா ரெண்டு வருஷப் பாக்கி கட்டணும். ஓடலைன்னு சொன்னா ரோட்டுக்கு நிலம் போகும், நஷ்டஈடு வரும். யாரு சார் வருவாங்க? எந்த வீட்டுலயும் அவளை உக்காரச் சொல்லலை."

"இதை ஏன் காலைல என்கிட்ட சொல்லலை?"

லேத்காரர் துணியில் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எங்க அம்மா தண்ணி திருடினாளான்னு என் பொண்ணு கேட்டா என்ன சார் சொல்றது?"



வெளியே வந்ததும் மீட்டர் அக்கா கேட்டாள்: "பாஸ், அந்தத் தலைவர் சொன்னது முழுப் பொய்னு வெச்சுப்போம். எப்படிப் பிடிக்கறது? 'நான் ஷட்டரைத் தொட்டதே இல்லை'ன்னுவாரு. அதுக்கு மேல நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணு இருக்கு. காலைல ஏழு மணிக்கு உடம்பைப் பாத்தப்ப ஷட்டர் மூடியிருந்தது, அதான் அன்னிக்கும் இன்ஜினியருக்கு அசையலை."

"அதனால?"

"அவங்க திறக்கத்தான் போனாங்க. குழியில விழுந்தவங்க ஏறி வந்து மூடிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்க மாட்டாங்க. யாரோ மூடியிருக்காங்க. அவசரமா மூடறவங்க கை யோசிக்காது, மீட்டர் அக்கா. பழகின பக்கம்தான் போகும்."

* * *

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு மீட்டர் அக்கா ஷட்டரைப் பதினோரு சுற்று திறந்தாள். கைப்பிடியைப் பலகைமேலேயே விட்டுவிட்டு, கரையோரம் இருந்த பழைய காவல் அறைக்குள் வந்து நின்றாள். உள்ளே அவனும் இன்ஜினியரும் லேத்காரரும் இருந்தார்கள். நாலு பேர் நிற்கக் கட்டிய அறையல்ல. இன்ஜினியர் இரண்டுமுறை தும்மலை விழுங்கினார்.

ஆறு மணிக்குச் சங்கத் தலைவரின் மோட்டார் சைக்கிள் வந்தது. அறுபதை நெருங்கிய கனத்த மனிதர். நாலாம் வாய்க்காலில் அவருக்கும் தக்காளி இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினார். எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவிகளா" என்றார், யாரும் இல்லாத கரையைப் பார்த்து.

வண்டி சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் பலகைமேல் ஏறினார். கைப்பிடியை மாட்டினார். ஒரு நொடிகூடத் தயங்காமல் இடது பக்கமாகச் சுற்றினார்.

இன்ஜினியர் அறைக்குள் வாயைத் திறந்தார். அவன் அவர் தோளில் கை வைத்தான். மீட்டர் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் உதட்டசைவில் எண்ணிக்கொண்டே சுற்றினார். பதினோராவது சுற்றில் தானாகவே நிறுத்தினார். முட்டுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. கைப்பிடியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துத் திரும்பினார். எதிரே அவர்கள் நின்றார்கள்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்" என்றாள் மீட்டர் அக்கா. "வயசுக்கு நல்ல வேகம் தலைவரே."

"யாரோ விஷமி திறந்துவிட்டிருக்கான். சட்டவிரோதம். அதான் மூடினேன்" என்று இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னார்.

"சார், நேத்து நீங்க திறக்க எந்தப் பக்கம் சுத்தினீங்க?" என்று அவன் கேட்டான்.

"இடது பக்கம்" என்றார் இன்ஜினியர்.  "எல்லா ஷட்டரும் இடது பக்கம்தான் திறக்கும்."

"இது மட்டும் இடது பக்கம் மூடும். இதைக் கடைஞ்சவருக்குத் தெரியும், இயக்கினவங்களுக்குத் தெரியும். இன்ஜினியருக்கே தெரியாது. ரெண்டு வருஷமா இது திறக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்த உங்களுக்கு எப்படித் தலைவரே தெரிஞ்சுது? பதினொண்ணுல நிறுத்தணும்னு யார் சொன்னது?"

தலைவர் லேத்காரரைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். பலகைமேல் உட்கார்ந்தார்.

"நாப்பது குடும்பம் தம்பி" என்றார், லேத்காரரிடம். "அன்னிக்கு ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன்னா. கெஞ்சினேன். பாக்கியைக் கட்ட வீட்டை வித்தாலும் பத்தாதும்மான்னேன். 'வாய்க்கால் போச்சுன்னா வீடு மட்டும் எதுக்குண்ணே'ன்னா. பேசிக்கிட்டே வேலையும் பண்ணிக்கிட்டிருந்தா, பதினோரு சுத்து, நான் பல நாள் பக்கத்துல நின்னு பாத்ததுதான். ஷட்டர் திறந்திருந்தும் தண்ணி சரியா வரலை. ஏதோ அடைச்சிருந்தது. குனிஞ்சா."

"அவங்க கை எங்க இருந்தது?" இது இன்ஜினியர். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது போலிருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஒரு கை ஷட்டர் தகட்டுல. ஒரு கை என்கிட்ட."

"விட்டுட்டீங்களா, நழுவிச்சா?" என்றான் அவன்.

"தெரியலை."

"தெரியும்."

தலைவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "விட்டுட்டேன்."

"அப்புறம் மூடினீங்க."

"தண்ணி அடிச்சுட்டுப் போயிடக் கூடாதேன்னு..."

"தண்ணி ஓடினது யாருக்கும் தெரியக் கூடாதேன்னு. குழிக்குள்ள இறங்க ஏழு படி. எண்ணிப் பாத்தேன். அதுக்கு நேரமில்லை. பதினோரு சுத்து சுத்த நாலு நிமிஷம் இருந்தது. சுத்தும்போது கீழேர்ந்து சத்தம் கேட்டுதா?"



"கேட்டுச்சு."

"எத்தனாவது சுத்து வரைக்கும்?"

"ஆறு" என்றார். பிறகு, "ஏழு" என்றார்.

மீட்டர் அக்கா கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.  இன்ஜினியர் முழங்கால்மேல் தாளை வைத்து எழுதினார்: ஷட்டர் இயங்கும் நிலையில் இருந்தது, நான்காம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, இயக்குபவரின் கை ஷட்டரில் இருந்தது. மூன்று வரி. முதல் வரியில் அவர் பழைய அறிக்கை போயிற்று. இரண்டாவதில் நாற்பது வீட்டுக்குப் பாக்கி வந்தது, ரோடு நின்றது. மூன்றாவதில் ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கூரை தங்கியது. யாருக்கும் சந்தோஷமில்லை. அவன் தாளை வாங்கி ஒருமுறை படித்துவிட்டுத் தலைவர் முன் நீட்டினான். அவர் கையெழுத்துப் போட்டார்.

காவல் நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஜீப் வரக் கால் மணி நேரம் ஆகும். போகலாம் என்று அவன் லேத்காரரின் முழங்கையைத் தொட்டான். அவர் நகரவில்லை. தலைவருக்கு முன்னால் பலகையில் குந்தி உட்கார்ந்தார். கோபமாகக் கேட்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வழி விசாரிப்பதுபோல் கேட்டார்.

"'போதும்ணே'ன்னு சொன்னாளா?"

"இல்ல தம்பி."

"'முடியாது'ன்னு?"

"இல்ல. அதெல்லாம் நான் எழுதினது."

"பின்ன என்ன சொன்னா?"

தலைவர் கீழே குழியைப் பார்த்தார். அங்கே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"குனிஞ்சா. கையை என்கிட்ட நீட்டினா. கீழ பாத்துக்கிட்டே சொன்னா..." அவர் அந்த வார்த்தைகளை அவள் சொன்ன வேகத்திலேயே, ஒன்றுகூடக் குறையாமல் சொன்னார்.

"நல்லாப் பிடிச்சுக்கோங்கண்ணே, வெறும் சாக்குதான் மாட்டியிருக்கு, இதோ எடுத்துடறேன்."